அவர் அழிக்கும் வரிகள்

மதிய வெயில் டிரிப்ஸ் குழாயில் மினுங்குகிறது. மருத்துவமனைக் கட்டிலில் மடிக்கணினியோடு சாய்ந்திருக்கும் என் கணவர், தான் எழுதிய மென்பொருளிலிருந்து சிக்கலான வரிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் உதவுமென்று சேர்த்துவைத்ததெல்லாம் போகிறது. ஸ்பீக்கரில் போட்ட கைபேசியில் அவருடன் வேலை செய்பவர் கெஞ்சுகிறார். "நல்லாத்தானே ஓடுது, எதுக்குண்ணே கை வைக்கிறீங்க?" "எனக்கு மட்டும் புரியுற மாதிரி எழுதி வச்சிருக்கேன்டா. உனக்கும் புரியட்டும்னு சுருக்குறேன். திங்கக்கிழமை ஆபரேஷன். அப்புறம் நீ யாருகிட்ட போய் நிப்ப?" "வாயைக் கழுவுங்கண்ணே!" அவர் சிரிக்கிறார், மூச்சு இளைக்கிறது. நான் தண்ணீர் டம்ளரை நீட்டுகிறேன். வாங்காமல் திரையையே பார்க்கிறார். வரிகளுக்கு நடுவே, ஆறு வருடத்துக்கு முன் அவரே எழுதிவைத்த குறிப்பு ஒன்று இருக்கிறது: 'புரியாவிட்டால் என்னைக் கேட்கவும்.' என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறார். பிறகு அதையும் அழிக்கிறார்.