வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நகல்

அமெரிக்காவின் டுலூத் நகரத் தேவாலய அலுவலகத்தின் ஜன்னல் முழுக்கப் பனி வெளிச்சம். கணினி பழுதுபார்க்க வந்த வெண்டல் மேசைக்கடியில் மண்டியிட்டு, பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கேட்கிறார். பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல ஹார்ட் டிஸ்க் டக், டக்கென்கிறது. திரையில் அரை மணி நேரமாக அதே நீல வளையம் சுற்றுகிறது. பக்கத்துக் கூடத்தில் ஆர்கன் இசை தொடங்கிவிட்டது. சவப்பெட்டி வந்தாயிற்று, போதகர் எழுதிய இரங்கல் உரை மட்டும் இந்தக் கணினிக்குள்ளேயே கிடக்கிறது. "அணைச்சுப் போட்டுப் பாக்கலாமா?" என்கிறார் அலுவலகச் செயலாளர் லோரெட்டா. "அணைச்சா மறுபடி எழுந்திரிக்காதும்மா. ஃபைலுக்கெல்லாம் காப்பி எடுத்து வெச்சிருக்கீங்கல்ல?" "எடுக்காம? பதினோரு வருஷமா ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்ல." வெண்டல் நிமிர்ந்து கையை நீட்டுகிறார். "அப்பாடா, குடுங்க." லோரெட்டா அந்தக் கையைப் பார்க்கிறார். பிறகு, தட்டிக்கொண்டிருக்கும் பெட்டியின் மேல் மெதுவாகக் கை வைக்கிறார். "இதுக்குள்ளதான். பத்திரமா இருக்கட்டும்னு."