கேட்டு வாங்கிய பெர்மிட்

"இந்தப் பொண்ணு உள்ள போகாம நான் இந்த இடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்."

சொன்ன கையோடு துப்பாக்கி சுடும் மைதானத்தின் வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார் முனியசாமி.

பக்கத்தில் பையை அணைத்துக்கொண்டு நின்ற பெண் நிரோஷினி, இலங்கையில் ஹட்டனிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை மகள். பள்ளிக்கூட நாளில் கேடட் படையில் துப்பாக்கி பிடித்தவள். ஊட்டியில் பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சுடலாம் என்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. "பெர்மிட் எல்லாம் கேப்பாங்களாமே மாமா" என்று அவள் ஆரம்பிக்கும்போதே, "நான் எதுக்கு இருக்கேன்" என்று தான் குடியிருக்கும் காந்தல் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு அழைத்து வந்திருந்தார். சாயங்காலம் அவள் ஊருக்குக் கிளம்புகிறாள்.

"ஏனுங்க ஐயா, கொஞ்சம் கேளுங்க" என்றாள் மைதானப் பொறுப்பாளர் ஷாயிஸ்தா. "நம்ம ஊர்க்காரங்கன்னா ஆதார் போதும். வெளிநாட்டுக்காரங்க போலீஸ் ஆபீஸ்ல பெர்மிட் வாங்கிட்டுத்தான் வரணும். அது கைக்கு வர நாளாகுமுங்க."

"யாரும்மா வெளிநாட்டுக்காரி? என் கூடப்பிறந்தவ பெத்த பொண்ணு. இந்தியா, இலங்கை ரெண்டு அரசாங்கமும் தோட்டத்துச் சனங்க எங்கள ஆளுக்குப் பாதியா கூறு போட்டப்ப நான் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தேன், தங்கச்சி அந்தப் பக்கமே நின்னுட்டா. அன்னிக்கு எங்ககிட்ட யாரு பெர்மிட் கேட்டாங்க?"

"இருந்தாலும் பாஸ்போர்ட் இலங்கை பாஸ்போர்ட்டுங்களே."

நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கையிலிருந்த தாளைக் காட்டினார். காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

"பாத்தியா தாயி?" என்றார் முனியசாமி. "தேயிலைச் செடிய நட்டவன் வம்சம் வாசல்ல நிக்குது. தேயிலையக் குடிச்சவன் வம்சம் உள்ள போகுது."

"அவரு போன மாசமே எழுதிப் போட்டு வாங்கிட்டாருங்க."

"எல்லா நியாயமும் உங்க பக்கந்தான் இருக்கும். நிர்வாகமாச்சே."

சேரங்கோட்டுப் பக்கத்துத் தோட்டங்களில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று முனியசாமி ஒரு குரல் கொடுத்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை மொத்தமும் எதிர்க்குரல் கொடுத்த காலம் ஒன்று உண்டு. இப்போது தொழிற்சங்க அலுவலகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் அவர் மனுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதிகாரிகள் மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதோடு சரி.

"அனுமதி கொடு" என்று கையை உயர்த்தினார்.

எதிர்க்குரல் கொடுக்க ஆளில்லை. சுற்றுலா வந்த இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். ஒருவன் சிரித்தான்.

"அனுமதி கொடு" என்றாள் நிரோஷினி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்ல. இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, நான் பாத்ரூம் போயிட்டு வாறேன்" என்று எழுந்தாள். ஷாயிஸ்தாவே வழிகாட்டக் கூட்டிப்போனாள்.

திரும்பி வந்த ஷாயிஸ்தா, காவலாளிக்கும் கூடி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஐயா, மேல பேசிட்டேனுங்க. உங்க கோரிக்கைய ஏத்துக்கிட்டோம். போராட்டத்த முடிச்சுக்கங்க."

முனியசாமி உடனே எழுந்துவிடவில்லை. "எழுத்துல தருவீங்களா?"

"பொண்ணு உள்ள போறாங்களே, அதவிட எழுத்து வேணுமாங்க?"

அதற்குப் பிறகுதான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சிரித்தவனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

நிரோஷினி ஆசை தீரச் சுட்டாள். முனியசாமி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு வெடிக்கும் தானே சுட்டதுபோலத் தலையாட்டினார்.

கோரிக்கை ஜெயித்தால் எதிர்த்தரப்புக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது அவர்கள் சங்கத்து வழக்கம். எதிரே இருந்த கடையில் டீ வாங்கிக்கொண்டு அலுவலக அறைக்கு வந்தார். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"ஹட்டன்ல இருக்கப்பவே அப்ளை பண்ணி வாங்குன பெர்மிட்ட பைக்குள்ள வச்சுக்கிட்டு, பெரியவரத் தரையில உக்கார வச்சுட்டீங்களே" என்று சிரித்தாள் ஷாயிஸ்தா. "பாத்ரூம் போற வழியில காட்டுனத வாசல்லயே காட்டியிருந்தா நானும் இவ்வளவு பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்."

"காட்டத்தான் பையத் தொறந்தேன் மேடம். அதுக்குள்ள மாமா துண்ட விரிச்சிட்டார்." நிரோஷினியின் குரல் தாழ்ந்தது. "வந்ததுல இருந்து பாக்கிறேன், அவர் கேட்டு யாரும் ஒண்டும் குடுக்கிறதில்ல. ஒருக்கா சரி, கேட்டுக் கெடச்சதா இருக்கட்டும் எண்டுதான். உங்களப் பொய் சொல்ல வச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க."

"அட, விடுங்க. இன்னிக்கு ஒரு நாள் நான் தோத்தா என்ன கொறஞ்சிருவேன்?"

டீ டம்ளர் விரலைச் சுட்டது. முனியசாமி எதிரே தெரிந்த தேயிலைச் சரிவைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஓசைப்படாமல் பின்னால் நடந்து, படிக்கட்டு வரை போய், அங்கிருந்து பலமாக இருமிக்கொண்டே வந்தார்.

"இந்தாங்கம்மா, டீ. பேச்சுவார்த்தை நல்லபடியா முடிஞ்சதுக்கு."

ஷாயிஸ்தா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சரிவில் இறங்கும்போது நிரோஷினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க இல்லாட்டி இது நடந்திருக்குமா?"

"எப்பிடித் தாயி நடக்கும்? எதையும் நின்னு கேட்டு வாங்கணும்."

தோற்ற எத்தனையோ போராட்டங்களை வெற்றி என்று அறிவித்துப் பழகிய குரல் அது. கொஞ்சமும் பிசிறவில்லை.