ஊசிமுனை வெளிச்சம்

நடுப்பகலில் ஒர்க்‌ஷாப் ஷட்டரை இறக்கிவிட்டு, அண்ணி முதன்முதலாகத் தயாரித்த ஏர் ஃபில்டருக்குள் எரியும் பல்பை நுழைக்கிறான் மெக்கானிக் கொழுந்தன். காகித மடிப்புகள் தேன் நிறத்தில் ஒளிர்கின்றன. ஓட்டை இருந்தால் வெளிச்சம் ஊசிமுனையாகக் குத்தும். இல்லையென்றால் அவன் பழுது பார்க்கும் நாற்பது வேன்களுக்கும் இனி அண்ணியின் ஃபில்டர்தான். அவள் பக்கத்தில் குனிந்து பார்க்கிறாள். மடிப்பின் மேல் பளிச்சென்று ஒரு புள்ளி. "போச்சு அண்ணி. இன்ஜினுக்குள்ள தூசி குடும்பத்தோட குடிவந்துடும்." "கொஞ்சம் சுத்துங்க தம்பி." ஃபில்டர் சுற்றுகிறது, புள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அண்ணி திரும்பிப் போய், வெயில் கசியும் ஷட்டர் ஓட்டையை உள்ளங்கையால் பொத்துகிறாள். புள்ளி மறைகிறது. "முதல்ல உங்க ஷட்டரை மாத்துங்க." அவன் சிரிப்பு தகரக் கூரையில் மோதித் திரும்புகிறது. ஃபில்டரும் கையுமாக முதல் வேனின் பானெட்டைத் தூக்குகிறான். "மிச்சம் முப்பத்தொம்பது எப்ப வரும் அண்ணி?"