நாலு பார்க்கும் ஒரு சேவலும்

தெய்வசிகாமணி முழங்காலிட்டு, குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குள் தலையை விட்டு, ஒரு வாடிய இலையாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தார். மண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பின் தோட்டப் பிரிவுக்கு அவர் அதிகாரியாக வந்து சேர்ந்தது போன வாரம்தான். 'தானே' புயல் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனதிலிருந்து பார்க்குகளைப் பற்றி ஊரே குறை சொல்லிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பெரிய அதிகாரி நாலு பார்க்கையும் நேரில் பார்க்க வருகிறார். ஒன்று சரியில்லை என்றாலும் தெய்வசிகாமணிக்கு மைன்ஸில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மரம் நடுகிற வேலை என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அதனால்தான் இன்றைக்கே ஒரு நடை பார்த்துவிடலாம் என்று கிளம்பியிருந்தார்.

கையில் இருந்த சேவல் கூவியது. அவருடைய செல்போன்தான். மனைவி வெண்மதி.

"ஏங்க, சாமானைப் பிரிக்கட்டுமா, வேணாமா? குக்கர் எந்த மூட்டையில இருக்குன்னே தெரியல. வந்ததுலேருந்து ஓட்டல் இட்லியே தின்னுக்கினு இருக்கோம்."

"நாளைக்கு அவர் வந்துட்டுப் போற வரைக்கும் பொறு. ஒரு கயித்தையும் அவுக்காத."

பேசி முடித்தவர் எழுந்தார். கையெல்லாம் மண். பார்க் வேலைக்காரப் பெண் அம்சவல்லி குடத்தோடு ஓடிவந்து, "நீட்டுங்க சார், ஊத்தறேன்" என்றாள். கையில் இருந்ததைப் பக்கத்துத் தொட்டியின் இலைகளுக்கு நடுவே சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

கழுவி முடிப்பதற்குள் சூப்பர்வைசர் கலியமூர்த்தி வந்து, "டீ சொல்லியிருக்கேன் சார். அப்பிடியே அந்த மேடைப் பக்கம் போயி உக்காந்துக்கலாம்" என்று தோளைத் தொடாத குறையாக அழைத்துக்கொண்டு போனார்.

"இன்னும் மூணு பார்க் இருக்குய்யா. நேரமாவுது."

"இருக்கட்டும் சார். செடியெல்லாம் எங்க ஓடிடப் போவுது?"

டீ கொதிக்கக் கொதிக்க வந்தது. ஊதிக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். கலியமூர்த்தி டிரைவரிடம், "நேரா போவாத. சார் நம்ம ஊரை இன்னும் பாக்கல. எல்லா பிளாக்கையும் ஒரு சுத்து காமிச்சுட்டுப் போ" என்றார்.

இரண்டாவது பார்க்கிலும் வாசலிலிருந்தே குரோட்டன்ஸ், சாமந்தி, ரோஜா என்று தொட்டிகள் பளபளத்துக்கொண்டு நின்றன. பச்சைக் கோட்டும் முகத்தை மூடிக் கட்டிய துண்டுமாக நின்ற பெண்களுக்கு மட்டும் நெஞ்சு ஏறி இறங்கியது.

"என்னய்யா, இப்படி மூச்சு வாங்குது இவங்களுக்கு?"

"நீங்க வரீங்கன்னு பயம் சார்."

தெய்வசிகாமணிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இங்கேயும் டீ வந்தது. இங்கிருந்தும் ஊரைச் சுற்றித்தான் போனார்கள்.

மூன்றாவது பார்க்கிலும் அதே செழிப்பு. அவரால் நம்ப முடியவில்லை. "அதெப்படிய்யா, ஒரு பார்க்குக்கு ஒரு பார்க் துளிகூட குறையாம வச்சிருக்கீங்க?"

"பெத்த புள்ளைங்கள்ல பாகுபாடு பாக்கலாமா சார்?" என்றார் கலியமூர்த்தி. "அதுக்குள்ள கெளம்பாதீங்க, டீ வந்துக்கினு இருக்கு."

நாலாவது பார்க்கில் இறங்கியபோது தெய்வசிகாமணி மனசுக்குள் குக்கர் விசில் கேட்டது. மண்மேடாவது, மாற்றலாவது. உடனே வெண்மதியிடம் சொல்லிவிட வேண்டும் என்று சட்டைப் பையைத் தொட்டார். காலி. பேண்ட் பையும் காலி. ஜீப் சீட்டுக்கு அடியிலும் இல்லை.

"அடடா, மொதப் பார்க்குல தொட்டியில வச்சுட்டேன்யா. வண்டியைத் திருப்பச் சொல்லு."

கலியமூர்த்தியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "நீங்க எதுக்கு சார் அலைஞ்சுக்கினு? நான் ஆளை அனுப்பி எடுத்தாரச் சொல்றேன். அதுக்குள்ள நீங்க ஒரு டீ..."

"வயிறு பூரா டீதான்யா இருக்கு. திருப்பச் சொல்லு."

அப்போது சேவல் கூவியது. ரொம்பப் பக்கத்தில்.

யாரும் அசையவில்லை. கலியமூர்த்தி வானத்தைப் பார்த்தார். "இந்தப் பக்கம் கோழி தொல்லை ஜாஸ்தி சார். பக்கத்துல வடக்குத்து கிராமத்துலேருந்து வரும்."

மறுபடியும் கூவியது. தெய்வசிகாமணியின் காலடியில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டி கிடுகிடுவென்று நடுங்கியது. துண்டு கட்டிய பெண் ஒருத்தி குனிந்து, இலைக்குள் கையை விட்டுப் போனை எடுத்து, கோட்டில் துடைத்து நீட்டினாள். துண்டு நழுவியது. அம்சவல்லி.

"பாவம் சார்," என்றாள், "உங்களைத் தேடிக்கினு அதுவே வந்துடுச்சு."

தெய்வசிகாமணி தொட்டி வரிசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பொட்டல் மண், புயலில் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகள், வேலியோரம் இன்னும் சூடு ஆறாத ஒரு டிராக்டர். அதன் டிரெய்லரெல்லாம் ஈர மண்ணும் உதிர்ந்த சாமந்தியும்.

கலியமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டார். "சார், புயலுக்கப்புறம் இருக்கறதே இவ்வளவு தொட்டிதான் சார். மேல எழுதிப் போட்டுட்டீங்கன்னா இவங்க அத்தனை பேருக்கும் கான்ட்ராக்ட் போயிடும்."

சேவல் கூவிக்கொண்டே இருந்தது. தெய்வசிகாமணி போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"ஏங்க, எத்தனை தடவை அடிக்கிறது? பிரிக்கட்டுமா, வேணாமா?"

அவர் தொட்டிகளைப் பார்த்தார். டிராக்டரைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்தார்.

"பிரிச்சிடு" என்றார். போனைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு கலியமூர்த்தி பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு அவர் கை கழுவணும்னா, போனை நீ வாங்கி வச்சுக்க."