மேனேஜர் வேஷம்

"மிட்டாய் வாங்கிட்டு வர்றதுக்கா உன்னை அனுப்பினேன்?"

"நான் என்ன பண்றது டீச்சர்? கத்திக்கிட்டேதான் போனேன். 'உக்காருங்க சார், தண்ணி குடிக்கிறீங்களா'ன்னு மேனேஜர் கேட்டாரு. தொண்டை காஞ்சு கிடந்துச்சு, குடிச்சேன். கிளம்பும்போது கையில இதைத் திணிச்சுட்டாரு" என்று சொல்லிவிட்டு, ரொட்டிக்கடை அன்செல்மோ குச்சிமிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான்.

ப்ரூடன்ஸ் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். நாளைக் காலை டூசான் நகரத்து வங்கிக்குள் புகுந்து போராட்டம். இன்று தேவாலயக் கூடத்தில் அதற்கு ஒத்திகை. சாப்பாட்டு மேசைகள் இரண்டை ஒட்டிப் போட்டதுதான் வங்கி. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வாங்கிய ரோமாபுரிச் சிப்பாயின் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு நின்ற பாதிரியார்தான் போலீஸ். மேனேஜர் வேஷத்துக்கு மட்டும் ஆள் அகப்படாமல், 'ஆள் தேவை' என்று வெளிச்சுவரில் நோட்டீஸ் ஒட்ட வேண்டியிருந்தது. அதைப் பார்த்து வந்தவர் லோவெல்.

வந்தவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்த மேசையை யாராலும் அசைக்க முடியவில்லை. தட்டைத் தட்டிக் கோஷம் போடப் போன இரண்டு பேர், காகிதத் தட்டில் கையெழுத்துப் போட்டுப் புதுக் கணக்குத் தொடங்கிவிட்டுத் திரும்பினார்கள். போலீஸ் பாதிரியார் தன் வேலையை மறந்து, வட்டி எவ்வளவு கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் விட்டுக்குடுத்து நடிங்க லோவெல்" என்று டீச்சர் கெஞ்சினார். "இப்படியே போனா எல்லாருக்கும் மனசு விட்டுப்போயிரும்."

"நெஜ மேனேஜர் விட்டுக்குடுப்பாரா டீச்சர்?"

"அந்தக் கல்நெஞ்சனா? அவன் மூஞ்சியைக்கூட நாங்க பார்த்ததில்லை. வாசலோட துரத்திடறாங்களே!"

லோவெல் மேசைமேல் இருந்த மிட்டாய்களை அழகாக அடுக்கினார்.

அடுத்தது இட்ஸெலின் முறை. அவளுக்கு இது விளையாட்டில்லை. தம்பி நவூம் பாலைவனத்துத் தனியார் சிறையில் கிடக்கிறான். திருடியதற்காக அல்ல, எல்லை தாண்டி வந்ததற்காக. தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கத்திடம் வாங்கிக்கொண்டு நடத்தும் சிறை அது. அதற்கு மறுபடி கடன் கொடுக்க டூசான் வங்கி ஒப்புக்கொண்டால் இன்னும் பெரிதாகும். மறுத்தால் இழுத்து மூடுவார்கள், தம்பியை ஜாமீனில் எடுக்க வழி பிறக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"ரத்தக் காசு! ரத்தக் காசு!" என்று மேசையைக் குத்தினாள்.

"கை வலிக்கப்போவுதும்மா, உக்காருங்க" என்றார் லோவெல். "நாங்க யாரையாவது பிடிச்சு அடைக்கிறோமா? சுவர் கட்டுறவன் ஒருத்தன், பூட்டுறவன் வேறொருத்தன். நாங்க பணம் மட்டும்தான் தர்றோம். மிட்டாய் எடுத்துக்குங்க."

அவள் கை தானாக நீண்டது.

"ஐயோ, இவளும் போச்சு!" என்றான் அன்செல்மோ.

கை பாதியில் நின்றது. அவள் கத்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை தம்பியைப் பார்க்கப் போறேன் சார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரெண்டு நாற்காலி இருக்கும். ஒண்ணு எப்பவும் காலியாத்தான் கிடக்கு. நீங்க வந்து உக்காருங்க. ஃபோனை எடுத்து, இப்ப என்கிட்ட சொன்னதை அவன்கிட்ட சொல்லுங்க. 'பணம் மட்டும்தான் தந்தேன்'னு. அவன் கோவிச்சுக்க மாட்டான். நல்ல பையன். 'சாப்பிட்டீங்களா சார்'னுதான் கேப்பான்."

லோவெல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"கவுந்துட்டாருடா மேனேஜர்!" அன்செல்மோ நாற்காலிமேல் ஏறிக் குதித்தான். பாதிரியார் தன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கரண்டியால் அடித்து முழக்கினார்.

"அடேயப்பா, என்ன நடிப்பு!" என்று டீச்சர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எந்த நாடகக் குழு சார் நீங்க?"

லோவெல் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு இட்ஸெல் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு அந்தக் கடன் பத்திரத்துல நான்தான் கையெழுத்துப் போடணும்மா. பெரிய ஆபீஸ்காரங்க சுத்தி நிப்பாங்க, முடியாதுன்னு சொல்ல எனக்குத் தானா வாய் வராது. அதுக்கு முன்னாடி வங்கியில என் மேசைக்கு வந்து, இப்ப சொன்னதை ஒரு வார்த்தை மாறாம இன்னொரு தடவை சொல்றீங்களா?"