ரேடாரில் சிக்காத விமானம்

"இது கேம்ல வர்ற பிளேன்பா. நெசமில்ல."

அர்ஷத் மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டு வரைக்கும் கேட்டுவிட்டது.

குப்புராஜ் நீட்டிய செல்போனில் வௌவால் மாதிரி ஒரு கறுப்பு விமானம் தாழப் பறந்து வந்து, ஒரு கட்டடத்தைத் தூள் தூளாக்கிவிட்டு இருட்டில் மறைந்தது. 'ரேடாரில் சிக்காத நம்ம விமானம். எதிரி கதை முடிஞ்சது' என்று கீழே போட்டிருந்தது. எல்லையில் சண்டை வரப்போகிறது என்று டிவிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்த வாரம் அது.

"உங்க ஆளுங்க குரூப்லயும் போடு பாய்னா, கேம்னு சொல்ற. நம்ம பிளேன் குண்டு போட்டா உனக்கு இன்னா எரியுது?" என்றான் குப்புராஜ்.

"எரியறதுக்கு இன்னாப்பா இருக்குது? நான் இன்னா சொல்றேன்னா..."

"கேம்னு யாரு சொன்னது உனக்கு?"

அர்ஷத் வாயைத் திறந்தான். முன் சீட்டில் இருந்த சூப்பர்வைசர் சந்திரமோகனை ஒரு தரம் பார்த்தான். அப்புறம், "யாரும் சொல்லல. எனக்காத் தோணுச்சு" என்றான்.

"உனக்கு அப்டிதான் தோணும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சந்திரமோகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வீடியோவை பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவரே அவர்தான்.

அது கேம் என்பதும் அவருக்குத் தெரியும். முந்தின நாள் சாயந்தரம், பொன்னேரி வீட்டில், பிளஸ் ஒன் படிக்கிற மகள் பூமிகா அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, இது கேமுப்பா. இந்த பிளேன நானே ஓட்டிருக்கேன். கீழ ஸ்கோர் வர்ற எடத்த வெட்டிட்டு அனுப்பிருக்காங்க."

தன் செல்லில் கேமைத் திறந்து, அதே விமானத்தை, அதே கட்டடத்தின் மேல் ஓட்டிக் காட்டினாள். "அழிச்சிடுப்பா, அசிங்கம்" என்றாள்.

அழித்திருக்கலாம். அதற்குள் குரூப்பே கைதட்டி முடித்திருந்தது. எதிரில் வந்தால்கூட முகம் கொடுக்காத ஜி.எம். 'சூப்பர் சந்திரமோகன்' என்று பேர் போட்டுப் பாராட்டியிருந்தார்.

"சரி சரி, நீ யார்கிட்டயும் இத சொல்லிக்கினு இருக்காத. சொன்னேன்னு தெரிஞ்சுது, தோல உரிச்சிடுவேன்" என்று மகளை அதட்டிவிட்டு செல்லை ஆஃப் பண்ணினார்.

இப்போது பஸ்ஸிலும் ஒரு வார்த்தை போதும். 'குப்பு, பாய் சொல்றது சரிதான். நான்தான் தெரியாம போட்டுட்டேன்.' தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் சிப்காட் கேட் வந்துவிட்டது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் அர்ஷத் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அதற்கடுத்த நாள், குரூப்பிலிருந்து அவனைத் தூக்கினார்கள். வாரக் கடைசியில் ஹெச்.ஆர். விக்டோரியா மேடம் சந்திரமோகனைக் கூப்பிட்டார்.

"அர்ஷத் நாட்டைப் பத்தித் தப்பாப் பேசறார்னு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. கேம்னு யார் சொன்னாங்கன்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன், வாயே திறக்கல. உங்க லைன் ஆளு. என்னதான் நடந்துச்சு?"

"வேலைல நல்ல ஆளு மேடம்." சந்திரமோகன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வாய்தான்... கொஞ்சம் பாத்துப் பேசியிருக்கலாம்."



அர்ஷத்தை லைனிலிருந்து எடுத்து லோடிங் ஷெட்டில் போட்டார்கள். மிஷின் ஓட்டினவன், கொதிக்கிற தகரக் கூரைக்குக் கீழே லாரிக்குப் பெட்டி தூக்கினான். கம்பெனி பஸ்ஸில் வருவதையும் விட்டுவிட்டு, ரயிலில் வந்துபோக ஆரம்பித்தான். எதிரே பார்த்தால் மட்டும் பழையபடியே "வணக்கம் சார்" என்றான். அதைக் கேட்ட நாளில் சந்திரமோகனுக்குச் சோறு இறங்காது.

ஒரு சாயந்தரம், பஸ்ஸை விட்டுவிட்டு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் போனார். பிளாட்பாரக் கோடியில் அர்ஷத் தனியாக நின்றிருந்தான்.

"பாய், அது கேம்னு எனக்கு மொதல்லயே தெரியும். எம்பொண்ணு சொல்லிட்டா. தெரிஞ்சேதான் வாய மூடிக்கினு இருந்தேன். நாளைக்கு மேடம்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"தெரியும் சார்."

"இன்னா தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்னு தெரியும். உங்க பூமிகாவும் எம்பொண்ணு நாஜியாவும் ஒரே கிளாஸு. ரெண்டும் சேந்துதான் அந்த கேம ஆடுதுங்க. வீடியோ வந்த அன்னிக்கே பூமிகா போன்ல சொல்லிருக்குது, நாஜியா எங்கிட்ட சொன்னா."

சந்திரமோகனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"அப்போ ஏன் பாய் சொல்லல? குப்புராஜ் கேட்டான், மேடமும் கேட்டாங்க, யாரு சொன்னதுன்னு. 'வீடியோ போட்டவரு பொண்ணேதான் சொல்லிச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நீ இந்த வெயில்ல பெட்டி தூக்கிக்கினு இருப்பியா?"

அர்ஷத் பையைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"யார்கிட்டயும் சொல்லாதன்னு நீங்க அதட்டி வச்சிருந்தீங்களாமே சார். நான் பேரச் சொல்லிருந்தா, ஊட்ல அந்தப் புள்ளைக்கில்ல அடி விழுந்திருக்கும்?"