மயிலாத்தாளின் சம்மதம்

பொழுது சாயும்போதே காட்டுப்பன்றிகள் மக்காச்சோளத்துக்குள் இறங்கிவிட்டன. ரங்கப்பன் துப்பாக்கியோடு சமையலறை வாசலுக்கு வந்தார்.

"மயிலாத்தா, வா புள்ள! சீக்கிரம் சொல்லித் தொலை."

இந்த வாரம் வந்த புது லைசென்ஸ் சட்டப்படி, மனைவி தன் வாயால் சம்மதம் சொன்னால்தான் துப்பாக்கியின் பூட்டு திறக்கும். அவருக்கு அதை நினைத்தாலே எரிந்தது. இத்தனை வருஷத்தில் பன்றியைத் தவிர எதைச் சுட்டார்? போன மாதம் டாக்டர் சான்று கேட்டார்கள், இப்போது பெண்டாட்டி சான்று!

மயிலாத்தாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, துப்பாக்கியிடம் குனிந்து சொன்னாள்: "இவர் கையில துப்பாக்கி இருக்கறதுல எனக்குப் பயமில்லீங்க."

"குரலில் அச்சம் தெரிகிறது," என்றது துப்பாக்கி. "பூட்டு திறக்காது."

"பன்னியக் கண்டு நடுங்கறா, அதுகூடத் தெரியல இந்தச் சனியனுக்கு! நல்லாச் சத்தமாச் சொல்லு!" என்று அதட்டினார்.

அவள் திரும்பச் சொன்னாள். பூட்டு அசையவில்லை. வெளியே சோளத்தட்டைகள் முறியும் சத்தம் கேட்டது.

"ஏம்புள்ள, ஒரு பன்னிக்கா இந்தப் பயம்?"

"பன்னிக்கு எதுக்குங்க பயப்படணும்? அது சோளத்தத்தான திங்குது."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பார்வை போன இடத்தில், காலையில் அவர் வீசியெறிந்த சாப்பாட்டுத் தட்டு நெளிந்து கிடந்தது.

ரங்கப்பனின் முகம் சுண்டிப்போனது. துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்தார். தகரத்தைத் தட்டியாவது விரட்டலாம். அது எங்கே இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தார். அவளிடம் எந்தக் குரலில் கேட்பது என்றே தெரியவில்லை.

வெறுங்கையைத் தட்டிக்கொண்டு சோளத்துக்குள் இறங்கினார்.